பெரியப்பாவின் ஃபயர்பாக்ஸ் முரண்டு பிடித்த கதை

கடந்த மாதம் பெரியப்பா தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, ஃபயர்பாக்ஸில் எதுவுமே திறக்கவில்லை. குரோமில் எல்லாம் வருகிறது. இரண்டு முறை நீக்கிவிட்டு மறுபடி நிறுவியும் பார்த்துவிட்டேன்" என்றார். ஓய்வுபெற்ற கணக்கர், எதையும் இரண்டு முறை சரிபார்க்காமல் அடுத்தவரிடம் கேட்க மாட்டார்.

நேரில் போனேன். எந்த முகவரியைத் தட்டினாலும் பாதுகாப்பு எச்சரிக்கைதான். இப்படி வந்தால் முதலில் திரை மூலையில் உள்ள தேதியைப் பார்ப்பேன். மதர்போர்டு பேட்டரி தீர்ந்து தேதி பின்னுக்குப் போனாலும் இதே கூத்துதான். தேதி சரியாக இருந்தது. தளம் உண்மையானதுதான் என்று உலாவிக்குக் காட்டும் அடையாளச் சீட்டுதான் சான்றிதழ். எச்சரிக்கைப் பக்கத்திலிருந்தே அதைத் திறந்தேன். வங்கித் தளத்தின் சான்றிதழை வழங்கியவர் யார் என்ற இடத்தில் பெரியப்பா வாங்கியிருந்த ஆன்டிவைரஸின் பெயர்!

"முந்தாநாள்தான் சந்தாவைப் புதுப்பித்தேன். புதுப் பதிப்பு இறங்கியது" என்றார் மெதுவாக.

ஹெச்டிடிபிஎஸ், அதாவது இடையில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்பும் வழியே வருவதை ஆன்டிவைரஸால் நேரடியாகப் படிக்க முடியாது. அதனால் நடுவில் உட்கார்ந்து, தளத்திடம் தானே பேசி, வந்ததைப் பிரித்துப் பார்த்துவிட்டு, தான் தயாரித்த சான்றிதழோடு உலாவியிடம் நீட்டுகிறது. அது செல்லுபடியாக வேண்டும் என்பதற்காகத் தன் மூலச் சான்றிதழை (மற்ற சான்றிதழ்களுக்கு உறுதி சொல்வது) விண்டோஸ் நம்பும் சான்றிதழ்களின் பெட்டகத்தில் வைத்துவிடும். குரோம் அதை ஏற்றுக்கொள்கிறது. ஃபயர்பாக்ஸுக்கோ தனிப் பெட்டகம். 2019-இல் வந்த 68ஆம் பதிப்பு முதல், இத்தகைய பிழை வந்தால் அது விண்டோஸ் பெட்டகத்தையும் துழாவிப் பார்த்தது; 2023-இல் வந்த 120ஆம் பதிப்பு முதல் பிழைக்குக் காத்திராமல் இயல்பாகவே பார்க்கிறது. ஆனால் இங்கே அமைப்புகளில் அந்த அனுமதிக்கான டிக் குறியை யாரோ எடுத்திருந்தார்கள். மறுநிறுவலில் பழைய அமைப்புகள் அப்படியே தங்கிவிடுவதால் பெரியப்பாவின் இரண்டு முயற்சியும் வீண்.

குறியை இட்டதும் தளங்கள் திறந்தன. ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. வங்கிக் கடவுச்சொல்லை நடுவில் ஒருவர் பிரித்துப் பார்ப்பானேன்? ஆன்டிவைரஸில் ஹெச்டிடிபிஎஸ் சோதனையை மட்டும் நிறுத்தினேன். குறியையும் பழையபடி எடுத்துவிட்டேன். இறங்கும் கோப்புகளை ஆன்டிவைரஸ் இப்போதும் சோதிக்கிறது, அது போதும். ஆன்டிவைரஸையே அணைத்துவிடச் சொல்லும் நண்பர்களின் பேச்சைக் கேட்காதீர்கள்.

"அந்தக் குறியை எடுத்தது யார் பெரியப்பா?"

"போன தீபாவளிக்கு வந்தபோது பாதுகாப்பை இறுக்குகிறேன் என்று நீதான் ஏதோ செய்துவிட்டுப் போனாய்."

* * *

எனக்கு நேர்ந்தது வேறு விதம். சான்றிதழ்ப் பிழை எதுவும் இல்லை. ஃபயர்பாக்ஸ் சில நேரம் ஐந்து நிமிடத்தில், சில நேரம் அரை மணியில் தானாக மூடிக்கொள்ளும். முகவரிப் பட்டையில் ‘அபவுட்:தேர்ட்-பார்ட்டி’ என்று ஆங்கில எழுத்தில் தட்டினால், உலாவிக்குள் நுழைந்திருக்கும் வெளி மென்பொருள்களின் டிஎல்எல் கோப்புகள் (வேறு நிரல்களுக்குள் ஏறி இயங்கும் நிரல் துண்டுகள்) வரிசையாகத் தெரியும். ஆறு மாதம் முன்பே நீக்கிய பழைய ஆன்டிவைரஸின் கோப்பு ஒன்று அங்கே சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தது! 2023-இல் வந்த 110ஆம் பதிப்பு முதல் அந்தப் பக்கத்திலேயே அதைத் தடுக்க முடிகிறது. தடுத்தேன், தொல்லை நின்றது. பிறகு அந்த நிறுவனமே தரும் நீக்கல் கருவியை இறக்கி மிச்சத்தையும் துடைத்தேன். கன்ட்ரோல் பேனலில் நீக்கியதோடு வேலை முடிந்தது என்று நினைத்தது என் தவறு.