டிபிஎஸ் (ஆழ்மூளைக்குள்ள வயர் வைச்சு மின்சாரத்தால தூண்டுற கருவி) பொருத்தினவருக்கு ஷோர்ட்வேவ் (ரேடியோ அலையால உடம்புக்குள்ள சூடேத்துற சிகிச்சை) குடுக்கலாமோ?

கோண்டாவில் பிசியோ:
பார்க்கின்சன் நோயாளி, வயது 61. மூளையில இரண்டு பக்கமும் டிபிஎஸ் எலக்ரோட், பற்றரி வலது காறை எலும்புக்குக் கீழ. இப்ப இடது தோள் இறுகிப்போச்சு. துண்டில ஷோர்ட்வேவ் டயதெர்மி 15 நிமிஷம் எண்டு எழுதிக் கிடக்கு. பற்றரி மற்றப் பக்கம்தானே, அதை நிப்பாட்டிப்போட்டுக் குடுத்தால் என்ன?

சுன்னாகத்தான்:
குடுக்காதேங்கோ. நிப்பாட்டினாலும் அதே ஆபத்துத்தான். 27.12 மெகாஹேர்ட்ஸ் அலையை அந்த வயர் அன்ரெனா மாதிரி வாங்கி, நுனியில இருக்கிற சின்னத் தொடுமுனைகளில சூடாக இறக்கும். நுனி நிக்கிறது ஆழ்மூளைக்குள்ள. வெந்த இடம் திரும்ப வராது. முழங்காலுக்குக்கூடக் கூடாது. பல்லுப் பிடுங்கினாப்பிறகு டயதெர்மி குடுத்து மூளைத்தண்டு வரை சேதமான ஒருவரைப் பற்றி 2001 இலேயே மருத்துவ இதழில வந்தது. மைக்ரோவேவ் டயதெர்மியும் சிகிச்சை அல்ட்ராசவுண்டும் இதே தடைக்குள்ளதான். எழுதின டொக்டருக்கு உடன சொல்லுங்கோ.

அதுக்குப் பதிலாத் தோளுக்குச் சுடுதண்ணிப் பை, பிறகு ஊசல் பயிற்சி (கையைத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டுறது). பார்க்கின்சனுக்குக் குடுக்கிற லெவோடோபா குளிசை வேலை செய்யிற நேரமாப் பாத்துச் செய்தால் பாதி வேலை மிச்சம்.

வயர்க்காரன்:
வயர் காதுக்குப் பின்னால இறங்கிக் கழுத்தால போகுது, மறக்காதேங்கோ. கழுத்தைச் சடக்கெண்டு திருப்புறது, வயருக்கு மேல அழுத்தி மசாஜ் பண்ணுறது வேண்டாம். வயர் முறிஞ்சால் திரும்ப ஒப்பரேசன்தான்.

கோண்டாவில் பிசியோ:
சரி அண்ணை. பயிற்சி நேரம் நடுக்கம் திடீரெண்டு திரும்பினால்?

வயர்க்காரன்:
முதல்ல நோயாளியிட்ட இருக்கிற டிபிஎஸ் கைக்கருவியால மெஷின் ஓடுதோ எண்டு பாருங்கோ. பழைய மாடல் சிலதில காந்தம் கிட்ட வந்தால் நிண்டுபோற சுவிட்ச் இருக்கு. லவுட்ஸ்பீக்கருக்குள்ளயும் காந்தம் இருக்கிறதால கோயில் திருவிழா லவுட்ஸ்பீக்கருக்குக் கிட்ட நிண்டாலே நிண்டுபோகலாம். ஓடுது, நடுக்கமும் நிக்கேல்லை எண்டால் வயரின்ர ரெசிஸ்ரன்ஸ் (மின்தடை) அளக்கவேணும். அளவு கண்டபடி கூடிக் கிடந்தால் வயர் எங்கயோ விட்டிட்டுது. சார்ஜ் பண்ண ஏலாத பற்றரி பொதுவா 3 முதல் 5 வருசம். முடியிற நேரம் கடைசி நாள் வரை காத்திருக்கிறது முட்டாள்தனம். டிபிஎஸ்ஸுக்குப் பிறகு குளிசையைக் குறைச்சிருப்பினம், அதால பற்றரி ஒரேயடியாச் செத்தால் உடம்பு விறைச்சு விழுங்கவும் ஏலாமல் போகலாம். அப்ப நேர ஆஸ்பத்திரிதான்.

சுன்னாகத்தான்:
நோயாளியின்ர டிபிஎஸ் அடையாள அட்டையில மாடல் நம்பர் இருக்கும், கோப்பில பிரதி ஒண்டு வையுங்கோ. எம்ஆர்ஐ எடுக்கிறதெண்டாலும் அந்த நம்பரைப் பாத்துத்தான் முடிவு.