பழைய ஸ்போர்ட்ஸ் காரின் உட்புறத்தை, ஆலையிலிருந்து வந்தபோது இருந்த நிலைக்கே மீட்பதற்கு ஒரு சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

பழைய கார்களை மீட்கும் வேலைக்குத் (ரெஸ்டோரேஷன்) தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் நீங்கள் எழுதியவற்றுக்கு என் பதில். உங்கள் வரிகளை மேற்கோளாக மேலே வைத்திருக்கிறேன்.

> ரெஸ்டோரேஷனுக்குப் "புதுப்பித்தல்" போதுமே. எல்லாருக்கும் புரியும்.

புரியும்தான். ஆனால் வேறு ஒன்றாகப் புரியும். 1954ல் வந்த மெர்சிடிஸ் 300 எஸ்எல்லை எடுத்துக்கொள்வோம். கதவு மேல்நோக்கித் திறக்குமே, அந்த வண்டி. கட்டம் போட்ட துணி இருக்கையோடு வெளியே வந்த பல வண்டிகளுக்குப் பின்னாளில் தோல் தைத்துவிட்டார்கள். தோல் விலை கூடியது, பார்வைக்கும் எடுப்பு. உரிமையாளர் வண்டியைப் புதுப்பித்தார் என்று தாராளமாகச் சொல்லலாம். மீட்டார் என்று சொல்ல முடியாது. இன்றைக்கு அதே வண்டிக்குப் பழைய கட்டத்துணியைத் தேடிப்பிடித்துப் போடுகிறாரே ஒருவர், அவர் செய்யும் வேலைக்குத்தான் நமக்குப் பெயர் வேண்டும்.

என் முன்மொழிவு: ஆலைநிலை. வண்டி ஆலையின் வாசலைத் தாண்டியபோது எப்படி இருந்ததோ அந்த நிலை. அதற்குத் திரும்பக் கொண்டுவருவது ஆலைநிலை மீட்பு.

"அசல்" என்ற சொல்லைப் பலர் ஆதரித்திருக்கிறீர்கள். எனக்கும் அது பிடித்த சொல்தான். ஆனால் "அசல் தோல்" என்றால் ரெக்சின் இல்லை என்றுதான் யாரும் எடுத்துக்கொள்வார்கள். ஆலையில் தைத்த அதே தோலா, நேற்று தைத்த நல்ல தோலா என்பதை அந்தச் சொல் காட்டாது. "மூலநிலை" சொன்ன நண்பர் கோபித்துக்கொள்ளக் கூடாது. "இருக்கையின் மூலநிலை" என்று எழுதினால் வாசகர் மருத்துவரைத் தேடிப் போய்விடுவார்.

> "மூல விவரக்குறிப்பு" (ஒரிஜினல் ஸ்பெசிபிகேஷன்) என்று நேராகச் சொல்லிவிடலாமே?

விவரக்குறிப்பு ஒரு மாடலுக்கு உரியது. ஆலைநிலை ஒரு தனி வண்டிக்கு உரியது. 1961ல் அறிமுகமான ஜாகுவார் இ-டைப்பில், தொடக்க கால வண்டிகளின் முகப்புப் பலகையில் (டாஷ்போர்டில்) நடுப்பகுதி புள்ளி அச்சிட்ட அலுமினியத் தகடு. 1964ல் 4.2 லிட்டர் எஞ்சின் வந்தபோது அந்த இடம் கருப்பாகிவிட்டது, இருக்கையும் மாறியது. முதல் வண்டிகளின் தரையோ தட்டையானது. கொஞ்ச காலத்திலேயே, கால் வைக்க இடம் வேண்டுமென்று தரையைப் பள்ளமாக்கினார்கள். ஆக, "இ-டைப்பின் உட்புறம்" என்று பொதுவாகச் சொல்வதில் பயனில்லை. எந்த வண்டி, எப்போது வெளியே வந்தது, எந்த நிறத் தோலோடு வந்தது என்று கேட்க வேண்டும். ஜாகுவாரின் மரபு அறக்கட்டளை தரும் சான்றிதழில் வண்டி எண்ணை வைத்து வெளி நிறம், உள் நிறம் இரண்டையும் பதிவேட்டிலிருந்து எடுத்துக் கொடுப்பது இதற்காகத்தான்.

காகிதத்தில் இல்லாததை வண்டியே சொல்லும். இருக்கையைப் பிரிக்கும்போது மடிப்புக்குள் வெயில் படாத ஒரு துண்டு கிடைக்கும். மற்ற இடமெல்லாம் வெளுத்திருந்தாலும் அங்கே நிறம் அப்படியே இருக்கும். பழைய உறையைத் தையல் பிரித்து, அதையே அளவுக்கு வைத்துப் புதுத் தோலை வெட்டுவார்கள். அங்குலத்துக்கு எத்தனை தையல், பைப்பிங் (தையல் ஓரத்தில் ஓடும் உருண்டைப் பட்டி) எந்த நிறம், உள்ளே ரப்பர் பூசிய முடித்திணிப்பா நுரை ரப்பரா, எல்லாம் அதிலேயே இருக்கும். (பைப்பிங்கைத் தமிழாக்க வேண்டாம் என்பது என் கட்சி. குஷன் வேலை செய்கிறவர்கள் சொல்வதை நாம் ஏன் கெடுக்க வேண்டும்?)

இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு இதுதான் முக்கியம். ஆலையில் செய்த வேலை எப்போதும் அழகாக இருந்ததில்லை. தையல் கோணியிருக்கும், கம்பளத்தின் ஓரத்தில் பசை பிதுங்கியிருக்கும். மீட்பவர் பொறுமைசாலி என்றால் ஆலையை விட நேர்த்தியாகச் செய்துவிடுவார். அங்கேதான் வம்பு. 1974ல் தொடங்கிய அமெரிக்காவின் தேசிய கார்வெட் மீட்பாளர் சங்கம் (கார்வெட் என்பது செவ்ரோலேயின் ஸ்போர்ட்ஸ் கார்) வண்டிகளை மதிப்பிடும்போது, அது ஆலையை விட்டு வந்தபோது இருந்திருக்கக்கூடிய தோற்றத்தைத்தான் அளவுகோலாக வைக்கிறது. அதைவிட மினுங்கினாலும் மதிப்பெண் குறையும். இதை "மிகைமீட்பு" என்று சொல்லலாம். "புதுப்பித்தல்" என்ற சொல்லை வைத்துக்கொண்டு மிகைமீட்பைக் குற்றம் என்று யாருக்கும் விளக்க முடியாது. புதிதாக்கச் சொன்னால் புதிதாக்கத்தானே செய்வார்கள்?

> ஆலை என்றால் கரும்பாலைதான் நினைவுக்கு வருகிறது.

நியாயமான மறுப்பு. "தொழிற்சாலைநிலை" என்று நீட்டிப் பார்த்தேன், வாயில் நிற்கவில்லை. இரும்பாலை, காகித ஆலை எல்லாம் பழகிய பிறகு கார் ஆலை மட்டும் பழகாதா என்ன.

பழைய வண்டிச் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பான ஃபிவாவின் வழிகாட்டு ஆவணமான டூரின் சாசனம், இருப்பதைக் காப்பதையும் இழந்ததை மீட்பதையும் தனித்தனியாகவே பேசுகிறது. முன்னதற்குப் "பேணல்" சரியாக இருக்கும். தோல் வெடித்திருந்தாலும் அது ஆலையில் தைத்ததே என்றால், மீட்பை விடப் பேணலே மேல் என்று நினைக்கிறேன். ஒருமுறை பிரித்தால் போனது போனதுதான். உபயோகத்தால் தோலில் ஏறும் பளபளப்புக்குப் "பழக்க மெருகு".

அப்புறம் பாகங்கள். அந்தக் காலத்திலேயே செய்து, விற்காமல் பெட்டியிலேயே கிடந்தது "கிடப்புப் பாகம்". இப்போது பழையதைப் பார்த்துச் செய்வது "ஒத்துருப் பாகம்". இரண்டையும் "புதுப் பாகம்" என்று சொல்லி விற்கிறவர்கள் இருப்பதால் இந்தப் பிரிப்பு அவசியம்.

வண்டியின் உட்புறத்தை மூடி அழகுபடுத்தும் பாகங்களைச் சொல்லும் "டிரிம்" மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. "உள்ளமைப்பு" என்றால் இயந்திரத்தின் உட்கட்டு போல ஒலிக்கிறது. "உள்ளொப்பனை" கொஞ்சம் நாடக மேடைத்தனமாக இருக்கிறது, ஆனாலும் கதவுப் பலகை, கூரைத் துணி, கம்பளம், இருக்கை உறை எல்லாவற்றையும் அது பிடித்துக்கொள்கிறது. கையில் வேறு சொல் உள்ளவர்கள் இதே இழையில் போடுங்கள், தனி மடல் வேண்டாம்.