தொப்புள்கொடி ரத்தம்: பணம் கட்டலாமா?

கோவைக்காரன்:
மனைவிக்கு எட்டாம் மாதம். ஸ்கேனுக்குக் காத்திருந்தபோது ஒருவர் ஃபைலோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தொப்புள்கொடி ரத்தத்தை மைனஸ் 196 டிகிரியில் உறைய வைப்பார்களாம், தவணையில் கட்டலாமாம். "நாளைக்குப் பிள்ளைக்கு ஏதாவது வந்தா வருத்தப்படாதீங்க சார்" என்றார். கட்டிவிடலாம் என்றுதான் இருக்கிறேன். வீண் என்பவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.

லேப்ராஜி:
அந்த "ஏதாவது" என்ன என்று கேட்டீர்களா சார்? தலசீமியா (ரத்தம் சரியாக ஊறாத பரம்பரை நோய்) என்றால் கோளாறு மரபணுவில் இருக்கிறது. அந்த ரத்தத்தில் எடுத்து வைத்த ஸ்டெம் செல்லிலும் (புது ரத்தத்தை உண்டாக்கும் மூல செல்) அதே கோளாறுதான் இருக்கும். குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயிலோ, அதன் விதை பிறக்கும்போதே ரத்தத்தில் இருந்திருக்கலாம். இரண்டுக்கும் டாக்டர்கள் தேடுவது அடுத்தவர் செல்லை. சொந்த உபயோகத்துக்கு என்று சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரே சொல்லியிருக்கிறது.

கோவைக்காரன்:
1988-ல் பாரிஸில் ஒரு சிறுவனைத் தொப்புள்கொடி ரத்தத்தால்தானே காப்பாற்றினார்கள்? ஃபைலிலேயே இருந்தது.

லேப்ராஜி:
காப்பாற்றினார்கள். எலியான் க்ளுக்மன் என்ற டாக்டரின் குழு. ஆனால் அது அவன் ரத்தம் இல்லை, அப்போதுதான் பிறந்த தங்கையுடையது. அதை ஃபைலில் போட மறந்துவிட்டார்கள் போல.

இரண்டுபிள்ளைஅம்மா:
ராஜி, ஒரேயடியாக அடிக்காதீர்கள். என் மூத்தவனுக்குத் தலசீமியா. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றுகிறோம். சின்னவள் பிறந்தபோது டாக்டரே எடுத்து வைக்கச் சொன்னார். பொருந்த நாலில் ஒரு வாய்ப்புதான், எங்களுக்குப் பொருந்தியது. ஆனால் ரத்தப் பையில் உள்ள செல்களை எண்ணிப் பார்த்துவிட்டு, செல் போதாது, அவள் கொஞ்சம் வளர்ந்ததும் அதே செல் உள்ள எலும்பு மஜ்ஜையும் சேர்த்து எடுக்கலாம் என்றார்கள். காத்திருக்கிறோம். எங்களுக்கு அந்தப் பை வீண் இல்லை.

லேப்ராஜி:
உங்கள் விஷயத்தில் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டேன் அக்கா. வீட்டில் நோயாளி இருந்தால் எடுத்தே ஆக வேண்டும். நான் சொல்வது, யாருக்கும் எதுவும் இல்லாத வீட்டில் பயத்தைக் காட்டி விற்பதை.

கோவைக்காரன்:
வண்டி இன்ஷூரன்ஸும் பயத்தில்தானே எடுக்கிறோம்? அதுவும் இப்போது பொதுத் தொகுப்பு என்கிறார்கள். நான் சேமித்தால், மற்றவர்கள் சேமித்ததில் பொருந்துவது என் பிள்ளைக்கும் கிடைக்குமாம்.

லேப்ராஜி:
அது கணக்கைக் கொஞ்சம் மாற்றும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாதி பொருந்தும் அப்பா, அம்மா மஜ்ஜையை வைத்தே இப்போது மாற்று சிகிச்சை செய்கிறார்கள். பெரியவர்களுக்கு ஒரு பையில் உள்ள செல் பெரும்பாலும் போதாது. அப்புறம் இன்னொன்று: பை நிறைய வேண்டும் என்று கொடியைச் சீக்கிரம் கவ்வி வெட்டினால், குழந்தைக்குப் போக வேண்டிய ரத்தம்தான் பைக்குப் போகும். ஒரு நிமிஷமாவது பொறுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த ரத்தத்தில் உள்ள இரும்புச்சத்து பிள்ளைக்குப் பல மாதம் உதவும்.

கோவைக்காரன்:
இதை அந்த ஆள் சொல்லவே இல்லை. நாளைக்கு மறுபடி கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார். எத்தனை நிமிஷம் கழித்துக் கிளிப் போடுவார்கள் என்று கேட்கிறேன்.

இரண்டுபிள்ளைஅம்மா:
அவரிடம் எதற்குத் தம்பி? பிரசவம் பார்க்கும் டாக்டரிடம் கேளுங்கள்.