'அசொ'வா, 'னிக்கா'வா? கொரியன் தெரிந்தவர்கள் உதவுங்களேன்

வணக்கம். டோபிக்-2 என்ற கொரிய மொழித் திறன் தேர்வுக்குப் படிக்கிறேன். அதில் எழுத்துப் பகுதியும் உண்டு என்பதால் இந்தச் சந்தேகத்தைத் தள்ளிப்போட முடியவில்லை.

காரணம் சொல்ல வரும் 'அசொ', 'னிக்கா' இரண்டுக்குமே 'ஆல்' என்று பொருள் போட்டு நகர்ந்துவிடுகிறார்கள். விதி ஓரளவு தெரியும். பின்னால் கட்டளையோ அழைப்போ வந்தால் 'னிக்கா'தான்: 'பிகா ஒனிக்கா உசானுல் கஜொகாசேயோ', மழை பெய்கிறது, குடை எடுத்துப் போங்கள். மன்னிப்பு, நன்றி என்றால் 'அசொ': 'நுஜொசொ மியானேயோ', தாமதத்துக்கு மன்னிக்கவும். அப்புறம், 'அசொ'வுக்கு முன்னால் இறந்தகாலம் ஒட்டாது.

இதுவரை சரி. சும்மா ஒரு விஷயத்தைச் சொல்லும்போதுதான் குழப்பம். "வேலை இருந்ததால் வரவில்லை" என்பதற்கு 'பாப்பாசொ', 'பாப்பஸ்ஸுனிக்கா' இரண்டும் இலக்கணப்படி செல்லும். ஆனால் 'னிக்கா' போட்டால், "அதான் வேலை இருந்துச்சுல்ல!" என்று எரிந்து விழுவதுபோல் இருக்குமாம்.

நண்பர்களிடமும் அப்படித்தான் தொனிக்குமா, இல்லை பெரியவர்கள், மேலதிகாரியிடம் மட்டும் தவிர்த்தால் போதுமா? கொரியாவில் வேலை பார்ப்பவர்கள், படிப்பவர்கள் சொல்லுங்கள். காதில் விழுந்த வாக்கியம் ஒன்றிரண்டு கொடுத்தால் பெரிய உதவி. இலக்கண அட்டவணை மட்டும் வேண்டாம், அது என்னிடம் குவிந்து கிடக்கிறது.