மறுபடியும் ‘போலீஸ் நண்பர்கள்’ வேண்டுமா?

வைகைக்கரையான்
திருப்புவனம் பக்கம் கோயில் காவலாளி அஜித்குமார் போலீஸ் விசாரணையில் அடிபட்டுச் செத்த பிறகு எங்கள் பக்கம் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் பேச்சு போலீஸில்தான் போய் முடிகிறது. திட்டித் தீர்த்துவிட்டு எழுந்து போய்விடுகிறோம். அதனால் ஒரு யோசனையை இங்கே வைக்கிறேன்.

1993ல் ராமநாதபுரம் எஸ்.பி.யாக இருந்த பிரதீப் வி. பிலிப் ‘ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’ அமைப்பைத் தொடங்கினார். ரோந்துக்கும் போக்குவரத்துக்கும் ஊர் இளைஞர்கள் துணை நிற்பது, ஸ்டேஷன் வாசலை மிதிக்கவே பயப்படுகிறவர்களைக் கூட்டிப்போய் மனு எழுத உதவுவது என்று போனது. பிறகு மாநிலம் முழுக்கப் பரவியது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் அடித்துக் கொல்லப்பட்டபோது, இந்த அமைப்பைச் சேர்ந்தவர்களும் அடித்தார்கள் என்று குற்றச்சாட்டு கிளம்பியது. ஜூலையில் அரசு தடை போட்டுவிட்டது.

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான் இது. ஸ்டேஷனுக்கு ஒரு குழு போடுங்கள். காலனி, ஜமாத், சர்ச், குறவர் குடியிருப்பு, திருநங்கையர் என எல்லாத் தரப்பிலிருந்தும் ஆள் இருக்கட்டும். மாதம் ஒருமுறை இன்ஸ்பெக்டர் அவர்களோடு உட்காரட்டும். முகம் பழகினால் பாதிப் பயம் போய்விடும். என்ன சொல்கிறீர்கள்?

கொள்ளிடத்தாள்
அண்ணே, அந்த ‘ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’ டீ-ஷர்ட் போட்டுக்கிட்டு லத்தியோட நின்னவங்க எந்தத் தெருப் பசங்கன்னு என்னைக்காவது கவனிச்சீங்களா? எங்க ஊர்ல அத்தனை பேரும் ஊர்த்தெரு. எஸ்.ஐ.க்கு மாலை போடுறவர் வீட்டுப் பையன், மணல் லாரி வச்சிருக்கிறவரோட மச்சான். எங்க குடியிருப்புல இருந்து ஒரு ஆள் கிடையாது. ஊர்ல யார் கை ஓங்கியிருக்கோ அவங்கதான் ஸ்டேஷனுக்கும் நண்பர். குழு போட்டாலும் அவங்கதான் வருவாங்க, எங்க பேர்ல ஒருத்தரை வாசல் பக்கமா உட்கார வச்சுட்டு.

நான் குறவர் சமூகம். சுத்துப்பட்டு எங்கயாவது நகை களவு போனா ரெண்டு நாள்ல எங்க தெருவுக்கு நம்பர் பிளேட் இல்லாத வண்டி வரும். எங்க பெரியப்பாவை அப்படித்தான் ஏத்திட்டுப் போனாங்க. எந்த ஸ்டேஷன்னு சொல்லலை. பெரியம்மா ஒரு ஸ்டேஷன் வாசல்ல சோத்துத் தூக்கோட உட்கார்ந்து கிடந்தாங்க. அவர் அங்க இல்லவே இல்ல, வேற ஊர் ஸ்டேஷன்ல இருந்திருக்கார். திரும்பி வந்தப்போ வலது கை விரல் மடங்கலை. கேஸும் இல்ல, ரசீதும் இல்ல. அவர் அங்க இருந்தார்னு காட்ட எங்ககிட்ட ஒரு தாள்கூட இல்ல.

1993னு ஆரம்பிச்சீங்களே, கம்மாபுரம் ஸ்டேஷன்ல ராஜாக்கண்ணு செத்ததும் அதே 1993தான். அவரும் எங்க ஆளு. தப்பிச்சு ஓடிட்டார்னு எழுதினாங்க. உயர் நீதிமன்றத்துல நியாயம் கிடைக்க 2006 ஆச்சு. இதுல முகம் பழகினா பயம் போயிடுமா?

பாத்திரக்கடை
எல்லாரும் போலீஸையே குத்தம் சொன்னா எப்படி? என் கடைப் பூட்டை அறுத்து பித்தளை அண்டா, குத்துவிளக்குன்னு வாரிட்டுப் போனான். பிடிபட்டவன் மேல ஏற்கெனவே ஏழெட்டு கேஸ். ஜாமீன்ல வர்றான், திருடுறான், உள்ள போறான், மறுபடி வர்றான். போன வாரம் பக்கத்து ஊர்ல செயின் பறிச்சவன் மாவுக்கட்டோட நிக்கிற படம் வாட்ஸப்ல வந்துச்சு. பார்த்தப்போ மனசு குளிர்ந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். கோர்ட்டை நம்பினா பேரன் காலத்துலதான் தீர்ப்பு வரும். பயம் இருந்தாத்தான் ஊர் ஒழுங்கா இருக்கும்.

நெல்லை வக்கீல்
மனசு குளிர்ந்த அந்தப் படத்துக்குப் பின்னால் இருப்பதைக் கொஞ்சம் பாருங்கள் அண்ணாச்சி. பத்திரிகைச் செய்தியில் எப்போதும் ஒரே வாசகம்தான்: பாத்ரூமில் வழுக்கி விழுந்து கை முறிந்தது. குற்றவாளிகள் மட்டும்தான் வழுக்கி விழுவார்களா, போலீஸார் விழ மாட்டார்களா என்ற ரீதியில் 2025ல் சென்னை உயர் நீதிமன்றமே கேட்டுவிட்டது. ஏன் பாத்ரூம் தெரியுமா? எல்லாக் காவல் நிலையத்திலும் ஒலிப்பதிவோடு சிசிடிவி வைக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. லாக்கப், தாழ்வாரம், வரவேற்பறை எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. கழிப்பறைக்கு வெளியே கேமரா, உள்ளே கூடாது. ஆக, வழுக்கி விழக் கேமரா இல்லாத ஒரே இடம் அதுதான்!

மாவுக்கட்டுப் படத்தில் இதுவரை ஒரு தொழிலதிபர் மகனைப் பார்த்திருக்கிறீர்களா? யார் கை முறிய வேண்டும் என்பதை ஸ்டேஷன் தீர்மானிக்கலாம் என்று நாம் விட்டுக்கொடுத்துவிட்டோம். அஜித்குமார் மீது வந்த புகாரும் நகைத் திருட்டுப் புகார்தான். காரில் வைத்த நகை காணோம் என்று சொன்னார்கள். அடிக்கும்போது அவரும் ‘திருடன்’தான். செத்த பிறகுதானே ‘அப்பாவி இளைஞர்’ ஆனார்? உடலில் 44 காயங்கள். எஃப்.ஐ.ஆர். பதியாமலே தனிப்படை எப்படி விசாரித்தது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கேட்டது.

வைகைக்கரையான் சார், நம்பிக்கை கூட்டம் போட்டு வராது. பதிவேட்டில் இருந்துதான் வரும். சாத்தான்குளத்தில் விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டின் அறிக்கையைப் படித்துப் பாருங்கள். கேமரா இருந்தது, 1 டி.பி. ஹார்ட் டிஸ்க்கில் இடமும் இருந்தது. அன்றாடம் தானாக அழிகிற மாதிரி செட்டிங் வைத்திருந்தார்கள். உச்ச நீதிமன்றம் சொல்வது குறைந்தது ஓராண்டுப் பதிவு. உங்கள் ஸ்டேஷன் கேமரா இன்று ஓடுகிறதா என்று கேட்கும் உரிமை இருந்தால் போதும், நண்பர்கள் தேவையில்லை.

ஓய்வு ரைட்டர்
32 வருஷம் காக்கி போட்டவன். பெரும்பாலும் ரைட்டர் மேசை, அதாவது ஸ்டேஷன் பதிவேடு எழுதும் வேலை. வக்கீல் தம்பிக்கு ஒரு விஷயம் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் விட்டுவிட்டார். கேமரா ஸ்டேஷனுக்குள்தான் இருக்கிறது. அஜித்குமாரை அடித்தது ஸ்டேஷனிலா? கோயிலை ஒட்டிய இடத்தில். கோயில் ஊழியர் ஒருவர் ஒளிந்து நின்று செல்போனில் எடுத்த வீடியோதான் வழக்கைக் காப்பாற்றியது.

ஸ்டேஷன் என்றால் ஜி.டி. என்கிற தினசரிப் பதிவேடு உண்டு, வாசலில் பாரா காவலர் உண்டு, வந்தவன் போனவன் பெயர் ஏற வேண்டும். தனிப்படைக்கு அதெல்லாம் கிடையாது. சாதா உடை, தனியார் வண்டி, தோப்பு, லாட்ஜ். எங்கள் மேசைக்கு ஆள் வரும்போது பாதி வேலை முடிந்திருக்கும். ‘இன்று காலை பஸ் ஸ்டாண்டில் சந்தேகப்படும்படி நின்றார்’ என்று எழுத வேண்டியது என் வேலை. அஜித்குமார் சாவுக்குப் பிறகு மாவட்டங்களில் அனுமதி இல்லாமல் இயங்கிய தனிப்படைகளை டி.ஜி.பி. கலைக்கச் சொன்னார். நல்ல காரியம். பத்து வருஷம் முன்னாலேயே செய்திருக்க வேண்டும்.

ஆனால் எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். மந்திரி வந்தால் ரோட்டில் நிற்க வேண்டும், தேர் ஓடினால் வடத்தின் பக்கம் நிற்க வேண்டும், இரண்டு சாதிக்காரர்கள் கொடிக்கம்பத்துக்கு அடித்துக்கொண்டால் நடுவில் நிற்க வேண்டும். ராத்திரி ஸ்டேஷனுக்கு வந்தால் ‘ரெக்கவரி எவ்வளவு, களவுப் பொருள் எவ்வளவு மீட்டீர்கள்?’ என்று மேலே இருந்து போன். புலனாய்வையும் சட்டம் ஒழுங்கையும் பிரிக்கச் சொல்லி பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2006ல். எங்கே பிரித்தார்கள்? வார விடுப்புக்கு 2021ல் அரசாணை வந்தது. அந்த லீவை முழுசாக எடுத்த கான்ஸ்டபிளை எனக்குக் காட்டுங்கள். கைரேகை, சிடிஆர் என்கிற போன் அழைப்பு விவரம் எடுத்துத் துப்புத் துலக்க நாலு நாள் ஆகும், நாலு அறை விட்டால் அரை நாளில் முடியும். எல்லாரும் குரூரமானவர்கள் என்பதால் அடிக்கவில்லை தம்பி, அவசரத்தில் அடிக்கிறார்கள்.

கொள்ளிடத்தாள்
> எல்லாரும் குரூரமானவர்கள் என்பதால் அடிக்கவில்லை, அவசரத்தில் அடிக்கிறார்கள்

அவசரத்துல கை ஏன் எங்க தெருவுக்கே வருது ஐயா? ஊர்த்தெருவுலயும் களவாணி உண்டு. அங்க போய் ராத்திரி கதவைத் தட்டுவீங்களா? சாதியையே பிறவிக் குற்றவாளின்னு முத்திரை குத்தின குற்றப் பரம்பரைச் சட்டம் 1871ல போட்டது. சென்னை மாகாணத்துல 1947லயே எடுத்தாச்சு. சட்டம் போச்சு, உங்க ஸ்டேஷன் லிஸ்ட் போகலை. கள்ளர் மேலயும் அந்தச் சட்டம் பாஞ்சது, பெருங்காமநல்லூர்ல 1920ல சுட்டே கொன்னாங்க. அவங்க அந்த அடையாளத்துல இருந்து வெளிய வந்துட்டாங்க, ஓட்டு இருந்தது, நிலம் இருந்தது. எங்களுக்கு அது ரெண்டும் இல்லாததாலதான் இன்னும் வண்டி வருது.

ஓய்வு ரைட்டர்
அம்மா, நீங்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் பழைய குற்றவாளி பட்டியல் இல்லாமல் எந்த நாட்டிலும் போலீஸ் வேலை நடக்காது. ஆள் பெயர் இருக்கலாம், சாதி இருக்கக் கூடாது. அதுதான் என் கருத்து.

கொள்ளிடத்தாள்
எங்க பெரியப்பா மேல ஒரு கேஸ்கூட இருந்ததில்ல ஐயா.

தேன்மொழி_சேலம்
நடுவுல வர்றேன், மன்னிக்கணும். நான் திருநங்கை. எல்லாத்தையும் ஒண்ணுமே மாறலைன்னு சொன்னா அதையும் ஏத்துக்க முடியாது. எங்களைப் போல திருநங்கையான பிரித்திகா யாஷினி எஸ்.ஐ. தேர்வு எழுதக் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. 2015ல ஜெயிச்சாங்க, 2017ல வேலையில சேர்ந்தாங்க. 2022ல காவலர் நடத்தை விதியிலயே எங்களைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு சேர்த்தாங்க. அதுக்கப்புறம் எங்க ஏரியா ஸ்டேஷன்ல ‘அது இது’ன்னு கூப்பிடறது குறைஞ்சிருக்கு. தண்டனை வரும்னு தெரிஞ்சதால குறைஞ்சது, கூட்டம் போட்டுப் பழகினதால இல்ல. பைபாஸ்ல நிக்கிற பொண்ணுங்க கதை வேற, அங்க இன்னும் பழைய கதைதான். ஆனாலும் விதின்னு எழுத்துல இருந்தா சண்டை போட ஒரு பிடி கிடைக்குது.

வைகைக்கரையான்
சரி, குழுவுக்கு ரோந்து வேண்டாம், டீ-ஷர்ட் வேண்டாம், லத்தி வேண்டவே வேண்டாம். ஒரே ஒரு வேலை: எந்த நேரத்திலும் ஸ்டேஷனுக்குள் போய், இப்போது உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கலாம். அவ்வளவுதான். அந்தக் குழுவில் குறவர் குடியிருப்புக்கு ஒரு ஆள் கட்டாயம்.

ஓய்வு ரைட்டர்
எந்த இன்ஸ்பெக்டரும் ஒத்துக்கொள்ள மாட்டார். சாத்தான்குளத்தில் விசாரணைக்குப் போன மாஜிஸ்திரேட்டையே மரியாதை இல்லாமல் பேசினார்கள். ஸ்டேஷனை வருவாய்த் துறை கையில் எடுக்கும்படி உயர் நீதிமன்றம் உத்தரவு போட வேண்டி வந்தது. நாலு ஊர்க்காரர் போய் என்ன செய்வார்கள்?

நெல்லை வக்கீல்
இன்ஸ்பெக்டர் ஒத்துக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 37வது பிரிவு, கைதானவர்களின் பெயர், முகவரி, குற்றத்தின் தன்மை எல்லாவற்றையும் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் எல்லாரும் பார்க்கும்படி வைக்கச் சொல்கிறது. இதற்கென்று ஏ.எஸ்.ஐ.க்குக் குறையாத ஓர் அதிகாரியையும் நியமிக்க வேண்டும். குழு எதற்கு? பலகை மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

கொள்ளிடத்தாள்
‘கைது’ன்னு எழுதினாத்தானே சார் பலகையில பேர் வரும்? எங்களைக் கூட்டிட்டுப் போறது ‘சும்மா விசாரிச்சுட்டு அனுப்பிடறோம்’னு.

நெல்லை வக்கீல்
அதற்கும் 179வது பிரிவு இருக்கிறது, எழுத்து மூலம் அழைக்க வேண்டும். 60 வயது தாண்டியவரையும் பெண்களையும் அவர்கள் வீட்டில் போய்த்தான் விசாரிக்க வேண்டும். வாய்மொழியாக ‘ஸ்டேஷனுக்கு வா’ என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. நடப்பது வேறு, தெரியும். அதனால்தான் சொல்கிறேன், முதலில் இதைத் தெருவுக்குத் தெரு சொல்லிக்கொடுக்க வேண்டும்.

பாத்திரக்கடை
மாவுக்கட்டு விஷயத்துல நான் மாறலை, அதை முதல்ல சொல்லிடறேன். ஆனா ஒரு சந்தேகம். என் கடைக் களவுக்கு இன்னைக்கு வரைக்கும் புகார் வாங்கிக்கிட்டதுக்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும்தான் குடுத்திருக்காங்க. எஃப்.ஐ.ஆர். போட்டா கேஸ் எண்ணிக்கை ஏறிடும்னு ஏட்டையா காதோட காதா சொன்னார். இது சரியா?

நெல்லை வக்கீல்
சரியே இல்லை அண்ணாச்சி. கைது செய்து விசாரிக்கத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம். 2013ல் லலிதா குமாரி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது. உங்கள் கடை விஷயத்தில் கேஸே இல்லாமல் ஒருவனைப் பிடித்திருக்கிறார்கள் என்றால், அவனை எந்தக் கணக்கில் வைத்திருந்தார்கள் என்றும் கேளுங்கள்.

பாத்திரக்கடை
அதை நான் ஏன் கேட்கணும்? அண்டா வந்தாப் போதும்.

வைகைக்கரையான்
வக்கீல் சார், 37வது பிரிவுப் பலகை இருக்கிறதா, அந்த அதிகாரி யார், சிசிடிவி பதிவு எத்தனை மாதம் வைத்திருக்கிறார்கள் – இந்த மூன்றையும் கேட்டு எங்கள் சப்-டிவிஷனில் எல்லா ஸ்டேஷனுக்கும் ஆர்.டி.ஐ. (தகவல் உரிமைச் சட்ட மனு) போடலாம் என்று இருக்கிறேன். மனு மாதிரி இருந்தால் இங்கே போடுங்கள்.

நெல்லை வக்கீல்
ராத்திரி போடுகிறேன். 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். எஸ்.பி. அலுவலகத்துக்கு ஒரே மனுவாக அனுப்பாதீர்கள், தனித்தனியாக அனுப்புங்கள்.

கொள்ளிடத்தாள்
மனுவுல உங்க பேரைப் போடுங்கண்ணே, எங்க தெரு ஆளுங்க பேர் வேண்டாம். பதில் வந்தா இங்கயே போடுங்க, நான் படிச்சுக் காட்டிக்கிறேன்.