மா, தூள் விற்கிற சின்னத் தொழிலுக்கு எந்த டெம்ப்ளேட் சரிவரும்?

மல்லாவி_மா

வணக்கம். மல்லாவியில ஒடியல் மா, குரக்கன் மா, வறுத்த அரிசி மா, மிளகாய்த்தூள், மொட்டைக்கறுப்பன் அரிசி எண்டு மொத்தம் 14 பொருள் பொதி செய்து விற்கிறம். இணையத்தளத்துக்கு டொட் எல்கே டொமைனும் ஹோஸ்டிங்கும் எடுத்து, தளம் கட்டுற மென்பொருள் வேர்ட்பிரஸும் போட்டாச்சு. தீம் (தளத்தின்ட தோற்றத்துக்கான டெம்ப்ளேட்) தெரிவு செய்யிற இடத்தில நிக்கிறம். தீம் செய்தவை காட்டுற மாதிரித் தளத்தில, டெமோவில, பார்க்க நல்ல வடிவு. எங்கட தமிழையும் படத்தையும் போட்டால் தலைப்பு வரிகள் ஒண்டோடொண்டு முட்டுது, பட்டனுக்கு வெளியால எழுத்துப் போகுது. வாங்கிற ஆக்கள் போனிலதான் பார்ப்பினம். பாதிப்பேர் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா. மற்றவை வெளிநாட்டில இருந்து ஊரில இருக்கிற அம்மா அப்பாவுக்கு அனுப்பச் சொல்லுறவை. எதைப் பார்த்துத் தெரிவு செய்யிறது?

குளக்கட்டு

டெமோ என்பது ஆங்கில எழுத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. அதைப் பார்த்துத் தெரிவு செய்யாதீர்கள். உங்கள் எழுத்தைப் போட்டுப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள்.

முட்டுவதற்குக் காரணம் வரி உயரம், அதாவது ஒரு வரிக்கு ஒதுக்கும் இடம் எழுத்தளவின் எத்தனை மடங்கு என்பது. தலைப்புகளுக்கு 1.1 அல்லது 1.2 வைத்திருப்பார்கள். தமிழில் மேலே விசிறியும் குற்றும் ஏறும், கீழே 'ழு', 'ஞ்' போன்றவற்றின் கால் இறங்கும். தலைப்புக்கு 1.4, உள்ளே வரும் பந்திகளுக்கு 1.7 வையுங்கள். லெட்டர் ஸ்பேசிங் (எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளி) என்று ஒன்று இருக்கும். பல தீம்களில் தலைப்புக்கும் மெனுவுக்கும் 1 அல்லது 2 பிக்சல் கொடுத்திருப்பார்கள். தமிழில் அது சொல்லைச் சிதறடித்து வரியையும் நீட்டும். 0 ஆக்குங்கள்.

அடுத்தது எழுத்துரு. டெமோவில் உள்ள எழுத்துருவில் பெரும்பாலும் தமிழே இராது. அப்போது பிரவுசர் அந்தக் கருவியில் இருக்கிற தமிழ் எழுத்துருவை எடுத்துப் போடும்: விண்டோஸில் நிர்மலா, அன்ட்ரொயிட் போன்களில் பெரும்பாலும் நோட்டோ. லப்டொப்பில் ஒரு மாதிரியும் போனில் இன்னொரு மாதிரியும் தெரிவது இதனால்தான். கூகிள் எழுத்துருக்களில் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை மூன்றும் விற்பனைத் தளத்துக்கு நன்றாக இருக்கும். ஒன்றை மட்டும் எடுங்கள், 400 (சாதாரணம்), 700 (தடித்தது) என்ற இரண்டு தடிப்புப் போதும். ஒவ்வொரு தடிப்பும் கூடுதல் டேட்டா.

ஆகவே, எழுத்துரு, அளவு, வரி உயரம் மூன்றையும் கோட் எழுதாமல் மாற்றவிடுகிற தீம்தான் உங்களுக்கு வேண்டும். கேடன்ஸ், பிளொக்ஸி, அஸ்ட்ரா, ஜெனரேட்பிரஸ் நான்கின் இலவசப் பதிப்புகளிலும் இது முடியும். போனுக்குத் தனியாக அளவு கொடுக்கலாம்: கணினியில் 44 பிக்சல் தலைப்பு என்றால் போனில் 26.

சோதனைக்கு மூன்று சொற்றொடர்: பொருளின் பெயருக்கு "வறுத்த சிவப்பரிசி மா 1 கிலோ", பட்டனுக்கு "தொடர்புகொள்ளுங்கள்", மெனுவுக்கு "எங்களைப் பற்றி". குரோமில் எஃப்12 அழுத்தி, போன் அடையாளத்தைத் தட்டி, அகலத்தை 360 பிக்சல் ஆக்குங்கள். பட்டன் இரண்டு வரியாக மடிந்தால் பரவாயில்லை. எழுத்து வெட்டுப்பட்டாலோ பக்கம் இடம் வலமாக இழுபட்டாலோ அந்தத் தீமை விட்டுவிடுங்கள்.

ஏ9_ஓரம்

மேலே சொன்னதோட, முகப்பில ஓடுற ஸ்லைடர், வீடியோ உள்ள டெம்ப்ளேட்டைத் தொடவே வேண்டாம். நாலு படம் ஓடினால் நாலையும் போன் இறக்கவேணும், முதல் படத்தைத் தாண்டி ஆக்கள் பார்க்கிறது குறைவு. கூகிளின்ட பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில டெமோ முகவரியைப் போட்டு மொபைல் பக்கத்தைப் பாருங்கோ. ஆகப் பெரிய படமோ எழுத்துப் பகுதியோ திரையில வர எடுக்கிற நேரம் 2.5 செக்கனுக்குள்ள இருந்தால் நல்லம். 4 தாண்டினால் மோசம். டெமோவே 6 செக்கன் எடுத்தால் உங்கட கையில அது குறையப் போறதில்லை.

படம்: போனில எடுத்தது 3, 4 எம்பி வரும். அப்பிடியே ஏத்தாதேங்கோ. பொருள் படம் எல்லாம் 800க்கு 800 சதுரம், வெப்பி (WebP) வடிவம், ஒண்டு 100 கேபிக்குள்ள. 14 பொருளையும் ஒரே துணியில, ஒரே யன்னல் வெளிச்சத்தில, ஒரே தூரத்தில வைச்சு எடுங்கோ. சாதாரண டெம்ப்ளேட்டும் இதால மட்டும் கடை மாதிரித் தெரியும். மிளகாய்த்தூளை மஞ்சள் பல்ப்புக்குக் கீழ எடுத்தால் நிறமே பொய் சொல்லும்.

படத்துக்கு மேல எழுத்து வாற மாதிரியான முகப்பும் வேண்டாம். டெமோவில வெறும் சுவர்ப் படம் போட்டிருப்பினம், எழுத்துத் தெளிவாத் தெரியும். மாப் பொதி அடுக்கின படத்தில வெள்ளை எழுத்துக் காணாமப் போயிடும்.

மல்லாவி_மா

நன்றி. கேடன்ஸும் பிளொக்ஸியும் போட்டுப் பார்க்கிறன். இன்னும் ரெண்டு விசயம். விலைகூடின தீம் ஒண்டை 1,500 ரூபாவுக்குப் போட்டுத் தாறன் எண்டு ஒருத்தர் சொல்லுறார், எடுக்கலாமா? பொதி லேபலுக்கு அச்சகத்தில அடிச்ச விபரமெல்லாம் பாமினி எழுத்துருவில இருக்கு. அதை அப்பிடியே ஒட்டலாமா?

குளக்கட்டு

பாமினியில் இருப்பது உண்மையில் ஆங்கிலக் குறிகள், மேலே தமிழ் உருவம் போர்த்தியிருக்கிறது. தளத்தில் ஒட்டினால் போனில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும், கூகிளில் "ஒடியல் மா" என்று தேடினாலும் அகப்படாது. பாமினியை யுனிகோடாக (எல்லாக் கருவியிலும் தமிழாகவே தெரியும் குறிமுறை) மாற்றும் மாற்றியில் போட்டு எடுங்கள். மாற்றிய பின் எண்களையும் அடைப்புக்குறிகளையும் ஒருமுறை வாசித்துச் சரிபாருங்கள்.

1,500 ரூபாத் தீம் வேண்டாம். அந்த விலைக்கு வருவது பெரும்பாலும் உரிமம் உடைத்த பிரதி. அதற்கு அப்டேட் வராது, உள்ளே வேறு கோட் செருகியிருந்தாலும் தெரியாது. சில மாதம் கழித்து உங்கள் தளத்தைத் திறப்பவர் சூதாட்டப் பக்கத்துக்குப் போகலாம், கூகிள் சிவப்பு எச்சரிக்கை போடலாம். வேர்ட்பிரஸின் சொந்தப் பட்டியலில் உள்ள இலவசத் தீம் இதைவிடப் பாதுகாப்பு. அதிலும் கடைசி அப்டேட் ஆறு மாதத்துக்குள் இருக்கிறதா என்று பாருங்கள்.

முறிகண்டி_வளைவு

தீமை விட ஓடர் எடுக்கிற வழியை முதல் முடிவு செய்யவேணும். 14 பொருளுக்கு வூகொமர்ஸ் (வேர்ட்பிரஸில ஒன்லைன் கடை வைக்கிற பிளகின், அதாவது கூடுதல் மென்பொருள்) கட்டாயமில்லை. ஒரே பக்கத்தில படம், நிறை, விலை, கீழ வட்ஸ்அப் பட்டன். உள்ளூர் ஓடருக்கு அது காணும். வட்ஸ்அப் இணைப்பில எண் 94 எண்டு தொடங்கவேணும். முன்னால உள்ள 0, பிளஸ், இடைவெளி ஒண்டும் வரக்கூடாது. பட்டன் வேலை செய்யாததுக்கு அநேகமா அந்த 0 தான் காரணம்.

வெளிநாட்டு ஆக்கள் பாங்க் காட்டால காசு கட்டவேணும் எண்டால் மட்டும் வூகொமர்ஸுக்குப் போங்கோ. டெமோவில இருக்கிற ஸ்ட்ரைப் எண்ட காட் கட்டணச் சேவையை இலங்கைத் தொழிலுக்குத் தாறதில்லை. பேஹியர் போல இங்கத்தைய சேவை எடுக்கவேணும், அதுக்கு வூகொமர்ஸ் பிளகின் இருக்கு. பணம் கட்டுறவர் டொரொன்டோவில, பொதி போறது துணுக்காய்க்கு எண்டால் அனுப்பும் முகவரிப் பெட்டி தனியாத் திறந்து இருக்கவேணும். டெலிவரி செட்டிங்கில இயல்பாகவே அனுப்பும் முகவரியைக் காட்டு எண்டு மாத்தலாம். எங்கட பக்கம் வீட்டு இலக்கத்தை வைச்சு ஆரும் வீடு பிடிக்கிறதில்லை, "குளக்கட்டுக்குக் கிட்ட, வாசிகசாலைக்கு முன்னால" எண்டுதான் முகவரி. அதாலை குறிப்புப் பெட்டியை எடுத்து விடாதேங்கோ. பொதி வாங்கிறவரின்ட போன் நம்பரைக் கட்டாயம் ஆக்குங்கோ. கட்டுறவரின்ட வெளிநாட்டு நம்பர் கூரியர்காரருக்கு உதவாது.

மல்லாவி_மா

அப்ப முதல் பட்டியலும் வட்ஸ்அப்பும், காட் விசயம் பிறகு. பட்டன்களில "ஆட் டு கார்ட்" மாதிரி ஆங்கிலம் வந்தால் எப்பிடி மாத்திறது?

குளக்கட்டு

செட்டிங்கில் மொழியைத் தமிழ் ஆக்கினாலும் எல்லாம் மாறாது, மொழிபெயர்ப்பு முழுமையில்லை. லொகோ டிரான்ஸ்லேட் பிளகினில் நீங்களே எழுதலாம். சேமிக்கும் இடமாகக் கஸ்டம் என்பதைத் தெரிவுசெய்யுங்கள். தீமின் சொந்தக் கோப்புறையில் வைத்தால் அடுத்த அப்டேட்டில் அழிந்துபோகும்.

இன்னொன்று: தலைப்பைத் தமிழில் எழுதினால் வேர்ட்பிரஸ் பக்க முகவரியையும் தமிழிலேயே ஆக்கும். ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் உள்ளே ஒன்பது எழுத்துப் போகும், மொத்த எல்லை 200. அதனால் ஏறத்தாழ 22 குறியோடு பெயர் பாதியில் அறுபடும், வட்ஸ்அப்பில் பகிர்ந்தால் சதவீதக் குறியும் இலக்கமுமாக மூன்று வரிக்கு நீளும். வெளியிட முன்னரே பக்க முகவரிப் பெட்டியில் ஆங்கில எழுத்தில் குறுக்கிப் போடுங்கள். வெளியிட்ட பின் மாற்றினால் முன்னர் பகிர்ந்த இணைப்புகள் சரியாகத் திறக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டிவரும்.

ஏ9_ஓரம்

டெமோவை இம்போர்ட் செய்தால் அதோட வாற பக்கங்கள், படங்கள், பொய் நம்பர், நியூயோர்க் வரைபடம் எல்லாத்தையும் அழியுங்கோ. மெனுவில இல்லாட்டிலும் அந்தப் பக்கங்கள் கூகிளில வரும்.