டி.பார்மா, பி.பார்மா, பார்ம் டியா? தங்கச்சிக்கு எது சேர்க்கலாம்

தங்கச்சி ப்ளஸ் டூ பயாலஜி க்ரூப் முடிச்சிருக்கா, பார்மசி படிக்கணும்னு ஆசைப்படுறா. வீட்ல "மாத்திரை எடுத்துக் குடுக்க எதுக்கு நாலு வருஷம்"னு கேக்குறாங்க. தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

மருந்துக்கடைக்காரன்: டி.பார்ம் (டிப்ளமா) 2 வருஷம், அப்புறம் 500 மணி நேரம் ட்ரெய்னிங். பி.பார்ம் (டிகிரி) 4 வருஷம். பார்ம் டி (டாக்டர் ஆஃப் பார்மசி) 6 வருஷம், அதுல கடைசி வருஷம் ஆஸ்பத்திரியில இன்டர்ன்ஷிப். கடை வைக்கவோ கவர்மென்ட் பார்மசிஸ்ட் போஸ்டுக்கோ டி.பார்ம் முடிச்சு மாநில பார்மசி கவுன்சில்ல ரிஜிஸ்டர் பண்ணிட்டா அப்ளை பண்ணலாம், பிறகு லேட்டரல் என்ட்ரியில நேரா பி.பார்ம் ரெண்டாம் வருஷம் சேரவும் வழி இருக்கு.

செல்வி_பார்ம்டி: வீட்ல சொல்றது ரொம்பத் தப்புங்க. நான் ஆஸ்பத்திரியில க்ளினிக்கல் பார்மசிஸ்ட், வார்டுக்குப் போய் ஒவ்வொரு நோயாளியோட மருந்துச் சீட்டையும் பாப்பேன், ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் சாப்பிடுறவருக்கு யாராவது இபுப்ரோஃபென்னு வலி மாத்திரை எழுதியிருந்தா ரத்தக்கசிவு ஆகிடும்னு டாக்டர்கிட்ட சொல்லி மாத்த வைக்கணும், கிட்னி சரியில்லாதவங்களுக்கு டோஸ் குறைக்கச் சொல்லணும், இதெல்லாம் படிக்காம வராது. 1948 பார்மசி சட்டம் 42ஆவது பிரிவுப்படி டாக்டர் சீட்டுக்கு மருந்து குடுக்குறதே ரிஜிஸ்டர் பண்ண பார்மசிஸ்ட் வேலைதான்! ஆனா நிறைய கடையில சர்டிஃபிகேட் மட்டும் சுவத்துல தொங்குது, ஆள் இருக்க மாட்டாரு, அதனாலதான் மக்களுக்கு நம்ம வேலையே தெரியல.

குமார்_கோவை: மருந்து கம்பெனி வேலைன்னா பி.பார்ம், அப்புறம் எம்.பார்ம் (மேல்படிப்பு). வார்டு வேலை பிடிக்கும்னா பார்ம் டி. காலேஜுக்கு பிசிஐ (இந்திய பார்மசி கவுன்சில்) அப்ரூவல் இருக்கான்னு முதல்ல பாருங்க, இல்லன்னா ரிஜிஸ்ட்ரேஷனே கிடைக்காது.

கேட்டவர்: நன்றி அக்கா, நன்றி அண்ணா. அவளுக்கு ஆஸ்பத்திரி வேலைதான் இஷ்டம், பார்ம் டி ஃபீஸ் விசாரிக்கிறேன்.